ரூபாவைக் காக்கச் சொன்னோம், தங்கள் சம்பளத்தைக் காத்துக்கொண்டார்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனாலும் முழுசாக வாசியுங்கள். இது கொழும்பில் நடக்கிற விசயம், எங்களுக்கென்ன என்று கடந்து போகாதீர்கள். உங்கள் வீட்டு மின்பட்டியலும், உங்கள் மகளுடைய சேமலாப நிதிக் காசும், நீங்கள் அடகு வைத்த நகையும் இதற்குள் இருக்கின்றன.

விசயம் இதுதான். இலங்கை மத்திய வங்கி தன் ஊழியர்களுடைய சம்பளத்தை 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் கூட்டியது. கூட்டிய அளவு 70 வீதம் என்று பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பேசப்பட்டது. பெப்ரவரியில்தான் நாட்டுக்கே தெரியவந்தது.

அதே ஜனவரி 1ஆம் திகதி எங்களுக்கு என்ன நடந்தது? வற் வரி 15 வீதத்தில் இருந்து 18 வீதமாக ஏறியது. ஒரே நாள். ஒரே நாடு. அவர்களுக்குச் சம்பளம் ஏறியது, எங்களுக்கு விலை ஏறியது.

இதைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வருகிறது. "உங்களுக்குப் பொறாமை. படித்தவன் உழைக்கிறான், உனக்கென்ன?" நாங்கள் ஆசிரியர்கள். படித்தவன் நல்லாய் உழைக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர்கள். எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று நாளைக்கு மத்திய வங்கியில் வேலை எடுத்தால் ஊருக்கே இனிப்புக் கொடுப்போம். பொறாமை இல்லை. கேள்வி வேறு. அந்தக் கேள்வியை முறையாகக் கேட்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

மத்திய வங்கியின் வேலை என்ன? பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நாட்டின் காசுக்கு மதிப்புக் குறையாமல் பார்ப்பது. விலைவாசியைக் கட்டுக்குள் வைத்திருப்பது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது முதல் வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 170 ரூபா கொடுத்தோம்.

பிறகு பணவீக்கம் குறைந்தது. 2023 ஜூலையில் 6.3 வீதம். இதை நாங்கள் மறுக்கவில்லை. 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த அந்த மாதத்தில், ஆளுநர் நந்தலால் வீரசிங்க பொறுப்பெடுத்தார். எரிகிற வீட்டுக்குள் போனவர் அவர். அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்கு விளக்குவது போல இங்கேயும் விளக்கவேண்டும். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. 170 ரூபாவான சாமான் பிறகு 180 ஆனது. 100க்குத் திரும்பி வரவில்லை. ஏறினது ஏறினதுதான்.

அந்த ஏற்றத்துக்கு யாருக்கு ஈடு கிடைத்தது? விவசாயிக்கா? கடலுக்குப் போகிறவருக்கா? கூலிக்குப் போகிறவருக்கா? ஆசிரியருக்கா? ரூபாவின் மதிப்பைக் காக்கவேண்டிய நிறுவனம், ரூபா விழுந்தபோது, விழுந்த அளவுக்குத் தன் வீட்டுக்காரருக்கு மட்டும் ஈடு கட்டிக்கொண்டது. 70 வீதம் விலை ஏறியது, 70 வீதம் சம்பளம் ஏறியது. தங்கள் கணக்கு அவர்களுக்குச் சரியாய் வந்திருக்கிறது. எங்கள் கணக்கை யார் பார்ப்பது?

எங்கள் கணக்கை ஒவ்வொன்றாய்ச் சொல்லுகிறோம்.

அரச ஊழியருக்கு 2024 வரவு செலவுத் திட்டத்தில் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 10,000 ரூபா கூட்டினார்கள். அதையும் ஒரேயடியாகத் தரவில்லை. ஜனவரியில் 5,000, ஏப்ரலில் இருந்துதான் முழுசாக. அதிபர் ஆசிரியர் சம்பள முரண்பாடு 24 வருடமாக இழுபட்டது. 2021 ஜூலையில் இருந்து ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடிய பிறகு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மிச்சம் மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டபோது "நாடு வங்குரோத்து, திறைசேரியில் காசு இல்லை" என்றார்கள்.

தனியார் துறையில் வேலை செய்கிறவருக்கு அப்போது சட்டம் சொன்ன குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 ரூபா. 2021இல் தீர்மானித்தது. விலை 70 வீதம் ஏறின பிறகும், 2024 தொடக்கத்திலும் அந்தத் தொகை அப்படியே நின்றது. பரம ஏழைக் குடும்பம் என்று தெரிவு செய்தால் 2024இல் அஸ்வெசுமவில் மாதம் 15,000 ரூபா தந்தார்கள். அதற்கும் எத்தனை குடும்பம் மேன்முறையீட்டுக் கடதாசியோடு பிரதேச செயலகத்து வரிசையில் நின்றது என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கடதாசிகளை எழுதிக் கொடுத்ததே எங்களில் பலர்தான்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம். வகுப்பில் வீட்டுவேலை செய்யாமல் வருகிற பிள்ளையிடம் காரணம் கேட்டால் "லைற் வெட்டிட்டாங்க சேர்" என்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எந்தப் பொருளாதாரத்தைச் சொல்லிக்கொடுப்பது?

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் கூட்டியது. தேவையான மருந்து என்றார்கள். இருக்கலாம். ஆனால் மருந்தைக் குடித்தது யார்? விதைப்புக்கு நகையை அடகு வைத்த விவசாயி. பழைய வட்டிக்குக் கணக்குப் பார்த்துக் கடை போட்ட தம்பி. நோயாளி நாங்கள், மருந்து எங்களுக்கு, சத்துணவு மட்டும் வைத்தியருக்கா?

இப்போது சேமலாப நிதிக்கு வருவோம். இதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிற இடம்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். விடியப்புறம் பஸ் ஏறி இருட்டினாப் பிறகு இறங்குகிற பிள்ளைகள். அவர்களுடைய சம்பளத்தில் 8 வீதம், முதலாளி போடுகிற 12 வீதம், இரண்டும் சேர்ந்து ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது. வயது போன காலத்துக்கு அவர்களிடம் இருக்கிற ஒரே சேமிப்பு அது. அந்த நிதியத்தின் காசைப் பராமரிப்பது யார்? இதே மத்திய வங்கி.

2022இல் விலை அவ்வளவு ஏறியபோது அந்தச் சேமிப்புக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தது. வங்கிகளை அதில் இருந்து விலக்கினார்கள். சேமலாப நிதியத்தைச் சேர்த்தார்கள். நிதியத்திடம் இருந்த அரசின் கடன் பத்திரங்களை வட்டி குறைந்த பத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 14 வீத வரி 30 வீதம் ஆகும். இதைத் தெரிவு என்று சொன்னார்கள். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டுத் தெரிவு செய் என்பது போல. நிதியம் மாற்றியது. வட்டி 9 வீதத்துக்குக் கீழே போகாது என்று ஆறுதல் சொன்னார்கள்.

தொழிலாளியின் சேமிப்புக்கு 9 வீத உத்தரவாதம் போதும். அந்தச் சேமிப்பைப் பராமரிக்கிறவருக்கு 70 வீதம் வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கோபம் வராவிட்டால் எங்களிடம் கேளுங்கள்.

எங்களுடைய மார்க்கத்தில் அமானிதம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் நம்பிக் கொடுத்ததைக் காப்பது. 2023 நவம்பர் 14ஆம் திகதி இந்த நாட்டின் உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதே சொல்லைத்தான் பாவித்தது. பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷக்கள் மட்டும் இல்லை. மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ராலும் டபிள்யூ. டி. லக்ஷ்மனும் அந்தத் தீர்ப்பில் இருந்தார்கள். வங்கியை ஆண்ட நாணயச் சபையும் இருந்தது. இந்தச் சீரழிவுக்கு அந்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்று நாட்டின் உச்ச நீதிபீடமே சொல்லி நாலு மாதம் ஆகுமுன்பே இது வெளிவந்தது. தீர்ப்பின் மை காயமுதல் சம்பளப் பட்டியலின் மை காய்ந்துவிட்டது.

அவர்கள் சொல்லுகிற நியாயங்களையும் கேட்போம். ஒருபக்கம் மட்டும் பேசுவது ஆசிரியருக்கு அழகில்லை.

"மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களோடு செய்கிற கூட்டு உடன்படிக்கை இது" என்கிறார்கள். நல்லது. நாங்களும் தொழிற்சங்கக்காரர்தான். கூட்டுப் பேரம் பேசுவது தொழிலாளியின் உரிமை. ஆனால் எங்கள் சங்கம் பேச்சுக்குக் கேட்டால் கண்ணீர்ப்புகையும் கைதும் வருகிறது. உங்கள் சங்கத்தோடு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேசையில் இருந்து பேசுகிறார்கள். அந்த மேசை நல்லதென்றால் எல்லோருக்கும் போடுங்கள். ஆசிரியருக்கும், தோட்டத் தொழிலாளிக்கும், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைக்கும்.

"சம்பளம் குறைவென்று ஆட்கள் நாட்டைவிட்டுப் போகிறார்கள், கூட்டாவிட்டால் வங்கியை நடத்த முடியாது" என்கிறார்கள். வைத்தியர் போகவில்லையா? தாதியர் போகவில்லையா? கணித, விஞ்ஞான ஆசிரியர் போகவில்லையா? வன்னியில் எத்தனை பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆள் போவதைத் தடுக்கச் சம்பளம் கூட்டுவதுதான் வழி என்றால், அந்த வழி ஏன் ஒரு கட்டடத்துக்கு மட்டும் திறக்கிறது?

"இது திறைசேரிப் பணம் இல்லை, எங்களுடைய சொந்த வருமானம்" என்பது மூன்றாவது நியாயம். இதுதான் மிகப் பெரிய கண்கட்டு. மத்திய வங்கி நெல் விதைக்கிறதா, மீன் பிடிக்கிறதா? நாட்டின் நாணயத்தை வெளியிடுகிற அதிகாரத்தில் இருந்து வருகிற வருமானம் அது. அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கு வரியில் இருந்து வாங்கின வட்டி அது. அந்த அதிகாரம் மக்களுடையது. அந்த வட்டி மக்கள் கட்டின வரி. இலாபம் மிஞ்சினால் திறைசேரிக்குப் போகவேண்டிய காசு. எங்கள் கிணற்றில் இருந்து அள்ளிவிட்டு, வாளி என்னுடையது என்பது நியாயமா?

"நாங்கள் சுயாதீனமான நிறுவனம்" என்பது கடைசி. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்தச் சுயாதீனத்தைக் கொடுத்தது உண்மை. எதற்காக? அரசியல்வாதி தேர்தலுக்குத் தேர்தல் காசு அச்சடிக்கச் சொன்னால் "முடியாது" என்று சொல்லுவதற்காக. வட்டியைத் தீர்மானிக்கும்போது அமைச்சரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக. அந்தச் சுயாதீனத்தை நாங்களும் ஆதரிக்கிறோம். அது இல்லாமல் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று வரிசையில் நின்று அனுபவித்தவர்கள் நாங்கள். ஆனால் காவல்காரனுக்குத் துவக்குக் கொடுத்தது வயலைக் காக்க. விளைச்சலில் தன் பங்கைத் தானே அளந்து எடுக்க அல்ல.

உலகத்தில் இது முதல் தடவையும் இல்லை. 2009 மார்ச்சில் அமெரிக்காவில் ஏ.ஐ.ஜி. என்ற காப்புறுதிக் கம்பனி இதையே செய்தது. விழப்போன கம்பனியைக் காப்பாற்ற அந்த நாட்டு அரசாங்கம் 17,000 கோடி டொலருக்கு மேல் மக்கள் பணத்தை ஒதுக்கியது. அந்தக் கம்பனி, தன்னைக் கவிழ்த்த அதே பிரிவின் ஆட்களுக்கு 16 கோடியே 50 இலட்சம் டொலர் போனஸ் கொடுத்தது. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒப்பந்தம் இருக்கிறது, கொடுக்காவிட்டால் திறமைசாலிகள் போய்விடுவார்கள்." அதே இரண்டு வரி. மக்கள் கொதித்தார்கள். அந்தப் போனசுக்கு 90 வீத வரி போட அவர்களுடைய பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. செனட் சபையில் அது சட்டமாகவில்லை. ஆனாலும் கேள்வி கேட்ட பிறகு சிலர் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த 2009 மார்ச்சில் வன்னி மக்கள் மாத்தளனிலும் பொக்கணையிலும் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். 1990இல் இந்த மண்ணில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்துக் கொட்டில்களில் பத்தொன்பதாவது வருடத்தைக் கழித்துக்கொண்டிருந்தன. அமெரிக்காக்காரனுடைய போனஸ் பற்றி நினைக்க எங்கள் யாருக்கும் நேரம் இல்லை. பிறகு 2024இல் அதே கதை எங்கள் நாட்டில், எங்கள் காசில் நடந்தது. எல்லாவற்றையும் இழந்து பூச்சியத்தில் இருந்து தொடங்கினவர்களுக்கு ஒரு ரூபாவின் மதிப்பை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

 இரண்டு பேரை நினைவூட்டுகிறோம். மற்ற மத உறவுகளும் வாசியுங்கள், இது எல்லோருக்குமான பாடம். அபூபக்கர் (ரழி) அவர்கள் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பிறகும் வழமைபோலத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பினார்கள். பொதுநிதியில் இருந்து அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானித்தது மற்றத் தோழர்கள். தன் சம்பளத்தைத் தானே எழுதிக்கொள்ளவில்லை. உமர் (ரழி) அவர்களுடைய காலத்தில், ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம் வந்தது. மக்கள் பழைய நிலைக்கு வரும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று இருந்தார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகு சாப்பிட்டார்கள். மக்களுக்கு முதல் இல்லை, மக்களோடு.

இதைக் கேட்டுவிட்டு அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்பார்கள். காலம் வேறுதான். பசி ஒன்றுதான்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விடமுடியாது. பாராளுமன்றத்தில் இந்தச் சம்பளத்துக்கு எதிராக மேசையில் தட்டிக் கத்தினவர்கள். அப்போது ஐந்து வருடம் கதிரையில் இருந்தால் ஓய்வூதியம் எடுத்தவர்கள் அவர்கள். 1977இல் தங்களுக்குத் தாங்களே போட்ட சட்டம் அது. சேமலாப நிதியத்தில் கைவைக்க வாக்களித்த கைகளும் அந்தச் சபையில்தான் இருந்தன. மத்திய வங்கியின் பிழையைக் காட்டித் தங்கள் பிழையை மறைக்க விடக்கூடாது. அவர்களுடைய கோபம் தேர்தலோடு முடியும். எங்களுடையது சம்பளத் துண்டு வருகிற ஒவ்வொரு மாதமும் புதிதாய்ப் பிறக்கும்.

அதேபோல ஒரு வேண்டுகோள். கிளிநொச்சியிலும் மத்திய வங்கிக்கு ஒரு பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற எழுதுவினைஞரையோ சிற்றூழியரையோ கண்ட இடத்தில் குத்திப் பேசாதீர்கள். அவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். கீழ்த்தரத்தில் இருக்கிறவருக்குச் சம்பளம் கூடினதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இதைச் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பிரிக்கவும் வேண்டாம். கட்டுநாயக்காவில் தைக்கிற சிங்களப் பிள்ளையின் சேமலாப நிதியும் வவுனியாவில் தைக்கிற எங்கள் பிள்ளையின் சேமலாப நிதியும் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

நாங்கள் கேட்பது நாலு விசயம்.

1. ஒவ்வொரு தரத்துக்கும் பழைய சம்பளம் எவ்வளவு, புதிய சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவுகளும் சலுகைக் கடன்களும் எவ்வளவு என்று மூன்று மொழியிலும் வெளியிடுங்கள்.

2. மேல்தர அதிகாரிகளின் உயர்வை நிறுத்துங்கள். சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் 2023 மார்ச்சில் நாலு வருடத்துக்குத் தொடங்கியது. அது முடியும்வரை மக்களுக்கு இறுக்கிய பட்டியை நீங்களும் இறுக்குங்கள். கீழ்த்தர ஊழியருக்குக் கொடுத்தது இருக்கட்டும்.

3. இனிமேல் மத்திய வங்கி தன் சம்பளத்தைத் தானே தீர்மானிக்கக் கூடாது. பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன் பகிரங்கமாக வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வட்டியில் சுயாதீனம், சம்பளத்தில் கணக்கு.

4. சேமலாப நிதியத்தின் முதலீட்டு முடிவுகளில் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு வாக்கு வேண்டும். காசு போடுகிறவனுக்கு வாய் இருக்கவேண்டும்.

குழு போடுவார்கள், அறிக்கை வரும், நாங்கள் மறந்துவிடுவோம் என்று நினைப்பார்கள். மறக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்த நாட்டின் எந்தப் பிரசையும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்லவேண்டும். முதலாவது கோரிக்கையில் உள்ள விபரங்களைக் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டோம். இந்தக் கிழமை அனுப்புகிறோம்.

ஒரு கடிதம் போனால் குப்பைக் கூடைக்குள் போகும். வன்னியில் இருந்து 200 கடிதம் போனால் ஒரு அலுவலருக்கு அதுவே வேலையாய்ப் போகும். விண்ணப்பத்தின் பிரதி வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருகிறோம். அஸ்வெசும மேன்முறையீட்டுக்கு எழுதித் தந்தோமே, அதுபோல. அப்போது நாங்கள் வரிசையில் நின்று எங்கள் ஏழ்மைக்குக் கணக்குக் காட்டினோம். இப்போது அவர்கள் தங்கள் சம்பளத்துக்குக் கணக்குக் காட்டட்டும்.

சரியென்று பட்டால் பகிருங்கள். பிழையென்று பட்டால் கீழே எழுதுங்கள், பதில் சொல்லுவோம். ஏச வேண்டாம், கணக்கோடு வாருங்கள்.